உபவாசக் காப்பி

இங்கே இங்கிலாந்தில் என் பக்கத்து வீட்டு மார்கரெட், பஸ்ஸில் இடம் கிடைத்தால்கூட "தேங்க்யூ ஜீசஸ்" என்பாள், பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொல்வதுபோல. கடவுளைக் கூட்டாளியாக நடத்தும் இந்தப் பழக்கம், நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது, அம்மாவும் அப்படித்தான். திண்டிவனத்தை ஒட்டி, ஊருக்கு வெளியே எங்கள் சாதிக்கென்று ஒதுக்கிய காலனியில், மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே ஆண்டவரிடம் பேசுவாள். மழை பொய்த்தால் கோபித்துக்கொண்டு அரை நாள் பேசாமலும் இருப்பாள். எனக்கு அந்தச் சிநேகம் வாய்க்கவில்லை. காரணத்தை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. வெள்ளிதோறும் காலையில் விழுப்புரத்திலிருந்து உபதேசியார் வருவார். எங்கள் வீட்டில்தான் ஜெபக்கூட்டம். "இயேசு உன் சிநேகிதர். உன் வீட்டுக்கு வந்து உன்னோட உக்காந்து சாப்பிடுவார்" என்று கண் கலங்கப் பேசுவார். முடிந்ததும் அம்மா, புளி போட்டு விளக்கிய டம்ளரில் காப்பி கொண்டுவருவாள்.

"ஐயா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

"இன்னிக்கு உபவாசம்மா. தப்பா நெனச்சிக்காத."

எப்போது வந்தாலும் உபவாசம். இவ்வளவு பட்டினி கிடக்கிற மனிதர் எவ்வளவு பெரிய பக்திமான் என்று அதிசயித்தேன். அவரைப் பார்த்து நானும் வெள்ளிக்கிழமைகளில் கஞ்சியைத் தள்ளி வைத்தேன். ஒரு வெள்ளி, அவர் கிளம்பிப் போன பிறகு, சபையில் நடந்த கல்யாணத்துக்காக நாங்களும் விழுப்புரம் போனோம். ஊர்த்தெரு மேல்சாதிக் கிறிஸ்தவர்களின் முதல் பந்தியில் அவர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பரிமாறுகிறவரிடம் இன்னொரு துண்டு கேட்டார். வாயோரம் எண்ணெய் வழிந்தது. அந்த எண்ணெய் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா அசையவில்லை.

"இன்னாத்துக்குடி பேஜார் பண்ணிக்கினு கீற? எனக்கு முன்னயே தெரியும்."

"தெரிஞ்சிக்கினே ஏம்மா காப்பி போட்ட?"

"அவருக்கா போட்டேன்? அவரு வெச்சிட்டுப் போறத யாரு குடிக்கிறா? நானும் ஆண்டவரும் ஒரே டம்ளர்ல குடிக்கிறோம். ஆண்டவரு நம்ம ஊட்டு ஆளுடி."

எனக்கோ அந்த ஆண்டவர் மீதும் அருவருப்புதான் வந்தது. முதல் பந்தியை ஆசீர்வதித்தவரும் அதே ஆண்டவர்தானே.

போன மாதம் இங்குள்ள தமிழ் ஜெபக்குழு முதல் முறையாக என் வீட்டில் கூடியது. மார்கரெட்டையும் அழைத்திருந்தேன். பிரசங்கம் செய்தவர் விழுப்புரத்துக்காரர், கோட்டு போட்ட கணக்காளர். கடவுளோடு நெருங்கிப் பழகுவது எப்படி என்று ஒரு மணி நேரம் உருகினார். காப்பி மக்கைக் கையில் எடுத்தபடி கேட்டார்.

"திண்டிவனத்துல எந்தப் பக்கம்ங்க?"

காலனியின் பெயரைச் சொன்னேன். மக் மேசைக்குத் திரும்பியது.

"இன்னிக்கு ஃபாஸ்டிங். தப்பா நெனச்சிக்காதீங்க."

கடல் தாண்டியதில் மரியாதை மட்டும் கூடியிருந்தது. ச்சீ என்று வந்தது எனக்கு.

இரண்டாவது மக்கைக் காலி செய்துகொண்டிருந்த மார்கரெட், அவர் என்ன சொன்னார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். உபவாசமாம் என்றேன். "ஹவ் ஹோலி!" என்று நெஞ்சில் கை வைத்தாள். இதை அவளுக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது?

எல்லாரும் போனார்கள். மற்ற மக்குகளைக் கழுவி வைத்தபின் மேசையில் இரண்டு மிஞ்சியிருந்தன. என் ஊர்ப் பெயரைச் சொல்ல வராதவள் குடித்து முடித்தது ஒன்று. என் ஊரை நன்றாகத் தெரிந்தவர் தொடாமல் விட்டது ஒன்று. நிறைந்திருந்ததைச் சிங்க்கில் கவிழ்க்கப் போனேன். கை நின்றது. அம்மாவைப் போல வாய்விட்டு, "குடிக்கிறியா?" என்று கேட்டேன். நானாக ஆண்டவரிடம் பேசியது அதுதான் முதல் முறை.

ஆறிப்போன காப்பியில் பாதியைக் குடித்தேன். மீதியை எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.