கவலை ஓட்டின சின்னப்பன்

மோட்டார் ஓடியது. தண்ணீர் வரவில்லை.

ஊருக்கு வெளியே, அடுகோடிக்கு அப்பால் ஒரு காய்கறித் தோட்டம். கிணற்று மேட்டில் ஊரே கூடியிருக்க, நடுவில் நான். கண்டோன்மெண்டில் பம்பு விற்கும் கம்பெனியில் எனக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகம். இண்டர்மீடியட்டில் தவறியவனுக்கு அவ்வளவு நீளமான பதவிப் பெயர் கிடைத்ததே பெரிது. முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார்: "பொழுது சாயறதுக்குள்ள தண்ணி விழணும். விழலேன்னா பம்பைக் கடைக்கு அனுப்பிட்டு, நீ நேரா வீட்டுக்குப் போயிடு."

தோட்டக்காரர் ரெட்டியார் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னைத் திட்டத் தமிழ் பேசினார்.

"என்னய்யா, உன் மிஷின் காத்து இறைக்குதா? சாகு, எடுத்துக்கிட்டுப் போ."

'சாகு' என்றால் கன்னடத்தில் 'போதும்'. எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் காது தமிழ்க் காதாகவே இருந்தது.

ரெட்டியாரைவிட என்னை வாட்டியவன் சின்னப்பன். அதுவரை அந்தக் கிணற்றில் கவலை ஓட்டியவன் அவன்தான். தோல் பையைக் கிணற்றில் இறக்கி, மாடுகளைச் சரிவில் ஓட்டித் தண்ணீரை மேலே இழுக்க வேண்டும். பிறகு மாடுகளைப் பின்பக்கமாகவே நடத்தி மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நாள் முழுக்க நடந்தாலும் எங்கும் போய்ச் சேராத வேலை. அதற்குக் கவலை என்று பெயர் வைத்தவன் அனுபவசாலி.

என் பம்பு ஓடினால் அவன் பிழைப்பு போகும். பக்கத்திலேயே நின்று, "ஓடுமா சார்?" என்பான். "ஓடும்" என்றால், "நெசமாவா?" என்பான். பாவம், ஓடாது என்று என் வாயால் கேட்கத்தான் காத்திருக்கிறான் என்று நினைத்தேன். என் வேலையும் நிலைக்க வேண்டும், அவன் வேலையும் போகக்கூடாது என்று ஒரே சமயத்தில் வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியும் குழம்பிப் போகும்.

பம்புக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றும் பிரைமிங் செய்தேன். கிணற்றில் இறங்கி, குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வைத் துடைத்தேன். கிணற்றிலிருந்து மேலே வந்தது நான் மட்டும்தான்.

வெயில் தாழ்ந்துவிட்டது. பம்பின்மேல் போட்டிருந்த என் கோட்டைச் சின்னப்பன் எடுத்து மடித்தான். "நனையுது சார்." என்னை வழியனுப்புகிறான் என்று தோன்றியது. கோட்டு இருந்த இடத்தில், சிவப்புப் பெயிண்டில் ஓர் அம்புக்குறி. பம்பு சுற்றவேண்டிய திசை அது. மோட்டாரோ நேர் எதிராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒயரை மாற்றிக் கொடுத்த மேதை நான்தான்.

மெயினை ஆஃப் செய்து, மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றிப் பூட்டி, மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். குழாய் இருமியது, துப்பியது, பிறகு தண்ணீரை வாய்க்காலில் கொட்டத் தொடங்கியது. நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சின்னப்பன் ஓடிப்போய்த் தண்ணீரில் தலையை நீட்டினான். நிமிர்ந்தால், சிரிக்கிறான்!

"மன்னிச்சுக்கப்பா," என்றேன். "உன் வேலை..."

"என்ன சார் மன்னிப்பு? என் மச்சான் மில்லுல எனக்கு வேலை சொல்லி வச்சிருக்கான். திங்கக்கெழமை மில்லு கேட்டுல நிக்கணும், இல்லேன்னா வேற ஆளாம். ரெட்டியாரு, மிஷின் ஓடினாத்தான் விடுவேன்னுட்டாரு. சம்சாரம் ஏற்கெனவே மர்பி டவுன்ல. கொழாத் தண்ணி புடிச்சுப் பழகிட்டா, கெணத்துப் பக்கம் வரமாட்டேங்கறா. நீங்க பண்ண கூத்துல எனக்கு உசுரே இல்ல!"

"மில்லுலயும் கஷ்டம்தானேப்பா?"

"கஷ்டந்தான். ஆனா சங்கு ஊதினா வீட்டுக்குப் போலாம். மாடு சங்கு ஊதுமா?"

"மாட்டைப் பிரியறோமேன்னு வருத்தம் இல்லையா?"

அவன் மாடுகளைத் திரும்பிப் பார்த்தான். இரண்டும் அசை போட்டுக்கொண்டிருந்தன.

"அதுங்களுக்கே இல்ல சார்."

அதன் பிறகு எத்தனையோ கிணறுகளில் பம்பு பூட்டினேன். பூட்டிய இடமெல்லாம் ஓர் ஆளாவது மில் பக்கம் போனான். ரெட்டியாரே பின்னால் பாதித் தோட்டத்தை வீட்டு மனையாக்கினார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: ஒருவனுக்காக வருத்தப்படுமுன் அவனையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அன்று பகல் முழுக்க நான் பட்ட வருத்தம் மொத்தமும் வீண். அவ்வளவு நிம்மதியான நஷ்டம் எனக்கு வேறு வந்ததில்லை.