கைசுவின் சிவப்பு வண்டியும் ஒரு துண்டு ஆக்சிலும்

என் மனைவி கைசு பால் லாரி ஓட்டுகிறவள். வாரத்தில் ஐந்து நாள் நாற்பது பண்ணைகளுக்குப் போய்ப் பால் எடுத்து வருவாள். அத்தனை பெரிய லாரியைக் குறுகலான பண்ணை வாசலுக்குள் பின்பக்கமாக ஒரே மூச்சில் நுழைத்துவிட்டு, இறங்கி நாயைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவு நிதானம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த நிதானம் எங்கே போகுமோ தெரியாது. அன்றைக்குப் பந்தயம்.

எங்கள் பக்கத்துப் பந்தயம் பணக்காரர் விளையாட்டு இல்லை. மணல் அள்ளி முடித்த பள்ளத்தில், கழித்துப்போட்ட கார்களை வைத்து ஓட்டுவது. அதில் ஒரு பொல்லாத விதி உண்டு. பந்தயம் முடிந்ததும், ஓடிய எந்த வண்டியையும் பந்தய உரிமம் எடுத்த எவரும் இரண்டாயிரம் யூரோவுக்குக் கேட்கலாம். ஒரு சீட்டில் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டால் போதும். பலபேர் கேட்டால் குலுக்கல். தரமாட்டேன் என்று முரண்டு பிடித்தால் பந்தயத்துப் பக்கமே வரமுடியாது. பணத்தைக் கொட்டி எவனும் வண்டி கட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. நல்ல விதிதான், நம் வண்டிக்குச் சீட்டு விழாத வரைக்கும்.

பதினோரு வருஷத்தில் கைசுவின் வண்டிக்கு ஒரு சீட்டுகூட விழுந்ததில்லை. அவள் ஒரு கோப்பையும் வாங்கியதில்லை. இரண்டுக்கும் காரணம் அவள் ஓட்டிய வண்டிகள்தான். கடைசியாக வாங்கிய சிவப்பு வண்டியும் அப்படித்தான். இரண்டு கதவு, படுத்த மூக்கு, பார்த்தால் பறக்கும்போல இருக்கும். அடியில் குனிந்து பார்த்தால் அதே கம்பெனியின் குடும்பக் கார். இழுப்பதெல்லாம் முன்சக்கரம். மணல் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், திரும்பாமல் நேரே போய் மண்மேட்டில் முட்டிக்கொண்டு நிற்கும்.

"மூக்கணாங்கயிறு போட்டு இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு. பின்னாலேருந்து தள்ளணும் வெய்யோ, அப்பத்தான் வண்டி" என்பாள். வெய்யோ நான்தான்.

போன அக்டோபரில் ஒரு மாலை, சாலையில் கார் மோதி காட்டெருமை அளவுக்குப் பெரிய எல்க் மான் ஒன்று விழுந்து கிடப்பதாகப் போலீஸிலிருந்து எங்கள் வேட்டைச் சங்கத்துக்குப் போன் வந்தது. அந்த வாரம் முறை என்னுடையது. போனேன். மான் போய்ச் சேர்ந்திருந்தது. காரோட்டி வந்த பல் டாக்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை. சாலையோரம் உட்கார்ந்து சாக்லேட் தின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு நேரமாகும் என்று சொல்லக் கைசுவுக்குப் போன் போட்டேன்.

"என்ன வண்டி?" என்றாள்.

சொன்னேன். எங்கள் சிவப்பு வண்டியைச் செய்த அதே கம்பெனியின் குடும்பக் கார். நான்கு சக்கரமும் இழுக்கிற வகை.

"பின்பக்கம் எப்படி இருக்கு?"

"மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கமாட்டியா?"

"அவருக்கு ஏதாவதுன்னா நீ முதல்லயே சொல்லியிருப்ப. பின்பக்கம்?"

பின்பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. ஒரு வாரத்தில் அந்த வண்டி எங்கள் டிராக்டர் கொட்டகையில் நின்றது. சங்கம் பிரித்துக் கொடுத்த மான் கறி விலையை விடக் குறைவாகத்தான் அதற்குக் கொடுத்தாள்.

அவள் கணக்கு எளிமையானது. நான்கு சக்கர இழுப்புக்குப் பந்தயத்தில் தடை. பின்சக்கர இழுப்புக்குத் தடை இல்லை. மான் மோதிய வண்டியின் கியர்பாக்ஸையும் பின் அச்சையும் எடுத்துச் சிவப்பு வண்டிக்குப் போட வேண்டியது. முன்சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு ஆக்சில் தண்டுகளையும் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது பின்சக்கரம் மட்டும்தான். கடையில் புதுசாக எதையும் வாங்க வேண்டாம். ஆனால் அந்த கியர்பாக்ஸ் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிப்பது. முன்னே ஆக்சில் இல்லையென்றால் பலமெல்லாம் காலியாக இருக்கும் பக்கமே சுற்றிவிட்டுப் போய்விடும். அதனால் பங்கு பிரிக்கிற பல்சக்கரங்களை ஒன்றாகச் சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டாள். ஜனவரி முழுக்கக் கொட்டகையில் நீலப் பொறிதான்.

மார்ச்சில்தான் என் வயிற்றில் அடித்தாள். சிவப்பு வண்டியின் அடித்தளத்தில் பின்னுக்குப் போகும் நீளத் தண்டுக்கு இடம் இல்லை. தளத்தை நெடுக வெட்டி, மேலே அரைவட்டமாக ஒரு மூடி வைக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சானாவுக்கு, அதாவது எங்கள் நீராவிக் குளியல் அறைக்குப் போகிறேன், அடுப்பு இருக்கிறது, புகைக்குழாயைக் காணோம்.

"அளவு கச்சிதமா இருந்துச்சு" என்றாள், வெல்டிங் முகமூடியைக்கூடத் தூக்காமல்.

"சனிக்கிழமை சானா இல்லாம ஒருத்தன் எப்படிடி இருக்கறது?"

"ரௌனோ வீட்டுல இருக்குல்ல."

இதை ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மனைவியின் காருக்காகச் சானாக் குழாயைப் பறிகொடுத்தவன் நான் ஒருவன்தான். ரௌனோ டிராக்டர் விற்கிறவன், எட்டுக் கோப்பை வைத்திருக்கிறவன், பந்தயத்தில் கைசுவை வருஷா வருஷம் முந்திப் போகிறவன். வேறு வழியில்லாமல் இரண்டு சனிக்கிழமை அவன் சானாவில் உட்கார்ந்தேன். சூட்டில் மனிதனுக்கு நாக்கு இளகிவிடும். மான், கியர்பாக்ஸ், வெல்டிங், என் குழாய் எல்லாவற்றையும் புலம்பித் தீர்த்தேன். அவன் தண்ணீரை மொண்டு கல்லின்மேல் ஊற்றிக்கொண்டே, "அப்படியா, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

நான் செய்த இன்னொரு காரியமும் உண்டு. முன்சக்கர ஆக்சில்களைக் கழற்றியபோது, சக்கரத்துக்குள் மாட்டியிருக்கும் கடைசிச் சாண் துண்டை மட்டும் கைசு விட்டு வைத்திருந்தாள். அதன் மறுமுனையில் ஒன்றுமே இல்லை. இது எதற்கு வீண் பாரம் என்று, அவள் பால் எடுக்கப் போயிருந்த நேரத்தில் இடது பக்கத் துண்டை உருவிப்போட்டேன். உதவி செய்கிறேனாம். அன்று சாயங்காலம் வயல் பாதையில் முதல் ஓட்டம். பின்சக்கரம் தள்ள, வண்டி வாலை வீசிக்கொண்டு திரும்பியது. கைசு ஜன்னல் வழியாகக் கூவினாள். இரண்டாவது திருப்பத்தில் இடது முன்சக்கரம் மட்டும் தனியாகப் புறப்பட்டு, புல்லைத் தாண்டி, படித்துறையைத் தாண்டி, ஏரிக்குள் இறங்கியது.

"அந்தத் துண்டை எடுத்தியா?"

"அது ஒண்ணுத்தையும் சுத்தலையே கைசு."

"சுத்தறதுக்கு இல்ல. பேரிங்கை ரெண்டு பக்கமும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கறதே அதுதான். எடுத்தா சக்கரம் கழண்டுக்கும். போ, எறங்கி எடு."

மே மாதத் தண்ணீர். பனி உருகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இறங்கினேன்.

ஜூனில் பந்தயம் தொடங்கியது. சிவப்பு வண்டி வளைவுக்குள் குறுக்கே நுழைந்து, மணலை விசிறி வாரி இறைத்துக்கொண்டு வெளியே வரும்போது கூட்டம் சாசேஜைக் கடிக்க மறந்துவிடும். ஆனால் மூன்றாவது இடம். அடுத்த பந்தயத்தில் இரண்டாவது. அதற்கடுத்ததிலும் இரண்டாவது. பால் லாரிக்காரியின் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குச் சத்தத்திலேயே தெரியும். கடைசிச் சுற்றில் வேண்டுமென்றே வேக மிதியிலிருந்து காலைத் தூக்குகிறாள்.

"பதினோரு வருஷம் காத்திருந்து இதுக்கா?" என்று சண்டை போட்டேன்.

"ஜெயிச்சா அத்தனை பேரும் சீட்டு எழுதுவாங்க. கோப்பை அலமாரியில நிக்கும் வெய்யோ. இது ஓடும். எனக்கு இதுதான் வேணும்."

என் நாக்கால் வந்த வினை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரௌனோ ஒவ்வொரு பந்தயத்திலும் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து குனிந்து பார்த்தான். நான் யாரிடமும் சொல்லாமல் பக்கத்து ஊருக்குப் போய், ஐம்பத்தெட்டு வயதில், பந்தய உரிமத்துக்கான வகுப்பில் உட்கார்ந்தேன். இந்தத் தகரத்தில் ஏறவே மாட்டேன் என்று பதினோரு வருஷமாகச் சொன்னவன். உரிமம் இருந்தால்தான் சீட்டுப் போடமுடியும்.

ஆகஸ்டில் எங்கள் ஊர்ப் பள்ளத்திலேயே பந்தயம். இறுதிப் பந்தயத்துக்கு வண்டிகள் வரிசையில் நின்றபோது ரௌனோ ஜன்னலிலிருந்து தலையை நீட்டினான்.

"கைசு! கடைசி ரவுண்டுல காலை எங்க எடுக்கணும்னு ஞாபகம் இருக்குல்ல? மறந்துட்டா சொல்லு, நான் ஹார்ன் அடிக்கிறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். கைசு தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கடைசிச் சுற்றில் அவள் கால் தூக்கவில்லை. ரௌனோவை வெளிப்பக்கமாகக் குறுக்கே படுத்துக்கொண்டே தாண்டினாள். நான் கத்திய கத்தலில் இரண்டு நாள் பேச்சு வரவில்லை.

பெட்டியில் பதினேழு சீட்டு. ஒலிபெருக்கியில் பேசும் பிர்யோ, ஒவ்வொரு சீட்டிலும் இருந்த பெயரைப் படித்துக் காலி காப்பிப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கினாள். ஒன்பது சீட்டு எங்கள் ஆட்களுடையவை. விழுந்தால் கைசுவுக்கே திருப்பிக் கொடுப்பதற்காகப் போட்டவை. என் பெயரைக் கேட்டதும் கைசு திரும்பிப் பார்த்தாள்.

"நீ லைசென்ஸ் எடுத்தியா?"

"சும்மாத்தான்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிர்யோ எடுத்த சீட்டில் ரௌனோ பெயர் இருந்தது.

அழமாட்டாள் என்று நினைத்தேன். அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் இருக்கையையும் பெல்ட்டையும் கழற்றினாள். அவை ஓட்டுநருடையவை, வண்டியோடு போகாதவை. சாவியைக் கொடுக்கும்போது நேராகவே சொன்னாள்.

"ரௌனோ, முன்சக்கரத்துக்குள்ள ஒரு சாண் ஆக்சில் துண்டு இருக்கும். எதுக்கும் உதவாத மாதிரி தெரியும். எடுத்துடாத. சக்கரம் கழண்டு போயிரும்."

ரௌனோ கண்ணைச் சுருக்கினான். "எடை கொறையக் கூடாதுன்னு பாக்கறியா?"

"நிஜமாத்தான் சொல்றேன்."

"இப்பத்தான் உன் வண்டியைப் பிடுங்கியிருக்கேன். எனக்கு நீ நல்லது சொல்லுவியா? போ கைசு, யாருகிட்ட!"

இரண்டு வாரம் கழித்து அடுத்த பந்தயம். கைசு ஒரு பழைய வெள்ளை வண்டியோடு வந்து தகுதிப் பந்தயத்திலேயே மண்மேட்டில் முட்டி வெளியே வந்துவிட்டாள். வரிசையில் நின்ற ரௌனோவிடம் போய் இன்னொரு தடவை சொன்னாள். அவன் பக்கத்து வண்டிக்காரனைப் பார்த்துச் சிரித்தான். இறுதிப் பந்தயத்தை என் பக்கத்தில் நின்று பார்த்தாள். சிவப்பு வண்டி வளைவில் வாலை வீசிப் படுத்து எழுந்தபோது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு அழகாவா போகுது? நான் உள்ளயே இருந்துட்டேன் வெய்யோ, வெளியிலேருந்து பார்த்ததே இல்ல."

மூன்றாவது சுற்றில் இடது முன்சக்கரம் தனியாகக் கிளம்பியது. எனக்குப் பழகிய காட்சி. அது உருண்டு வந்து சாசேஜ் கடை மேசைக் காலில் சாய்ந்தது. வண்டி மூக்கை மணலில் ஊன்றி நின்றுவிட்டது. ரௌனோ தானாக இறங்கி, தலைக்கவசத்தைத் தரையில் அடித்தான்.

"கேடு கெட்ட வண்டி! சபிச்சுக் குடுத்துட்டா! சீட்டுப் போடறவனுக்குப் புத்தி இல்ல!" என்று பள்ளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

அவ்வளவு விளம்பரம் போதுமானதாக இருந்தது. சக்கரம் கழன்ற வண்டிக்கு யார் சீட்டு எழுதுவார்கள்? பிர்யோ பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். உள்ளே இரண்டே சீட்டு, இரண்டும் ஒரே வீட்டு விலாசம். விதி விதிதான் என்று காப்பிப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கினாள்.

"வெய்யோ!" என்று படித்தாள்.

ரௌனோ முகம் சிவந்து வந்து நின்றான். "அந்தத் துண்டு என் கொட்டகையில கெடக்கு. நாளைக்குக் கொண்டு வரேன்."

"வேண்டாம்" என்றாள் கைசு. தன் மேலுடுப்புப் பையில் கையை விட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். மான் மோதிய வண்டியின் ஆக்சில் துண்டு. பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள்.

ரௌனோ வாயைப் பிளந்தான். "இதைப் பையில வச்சுக்கிட்டா வந்த?"

"நீ எடுத்திருப்பன்னு தெரியும். கேட்டா மாட்டிக் குடுக்கலாம்னுதான் கொண்டு வந்தேன். ரெண்டு தடவை சொன்னேன், நீ கேக்கலையே."

அவள் சொன்னது உண்மை என்றே நம்புகிறேன். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவன், அதற்கு மேல் விசாரிக்க மாட்டேன். நான் கையை நீட்டிச் சாவியை வாங்கி அவளிடம் கொடுக்கப் போனேன். அவள் வாங்கவில்லை. ஆக்சில் துண்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"சீட்டு உன் பேர்லதான விழுந்துச்சு? உன் வண்டி. நீயே மாட்டு."