யாருக்கும் சம்பந்தமில்லாத தலைப்பு

அமெரிக்கக் கால்பந்து லீக் பிற நாடுகளுக்கு விரிவடைய வேண்டுமா, வேண்டாமா என்று பாரிசின் புறநகரான ஸ்தேனில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. நான் நடுவராக இருந்தேன். இந்த இரண்டு வாக்கியங்களையும் புதுச்சேரியில் இருக்கும் என் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவன், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

தலைப்புக்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கம் ஒன்று ஆண்டுதோறும் ஸ்தேனில் மண்டபம் எடுத்து ஒன்றுகூடல் நடத்துகிறது. மதியச் சாப்பாடு, பிள்ளைகளின் நடனம், கடைசியில் பட்டிமன்றம். முந்தைய ஆண்டு, குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று வைத்தார்கள். இரண்டு குடும்பங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை. அதற்கும் முந்தைய ஆண்டு, பிள்ளைகளுக்குத் தமிழ் முக்கியமா பிரெஞ்சு முக்கியமா என்று வைத்தார்கள். பொருளாளர் பதவி விலகினார். ஆகவே இம்முறை செயலாளர், மண்டபத்தில் ஒருவருக்கும் அக்கறையில்லாத விஷயம் ஒன்றைத் தேடினார். அந்த அமெரிக்க லீக் லண்டனில் ஆடுவது போல பாரிசிலும் ஓர் ஆட்டம் ஆடப்போகிறது என்று பத்திரிகையில் கண்டார்.

“இதிலை ஆருக்கும் கோவம் வராது ஐயா. ஒருதருக்கும் ஒண்டும் தெரியாது,” என்றார் என்னிடம்.

என்னை நடுவராக்கியதும் அதே கொள்கைப்படிதான். நான் புதுச்சேரிக்காரன். அவர்களுடைய ஊரில் எனக்கு உறவு இல்லை, காணி இல்லை, பழைய வழக்கு இல்லை. பத்திரிகை மேசையில் பல ஆண்டுகள் பிறர் எழுதியதை வெட்டிச் சுருக்கியவன் என்பதால் சீக்கிரம் முடிப்பேன் என்றும் எதிர்பார்த்தார்கள்.

பேச்சாளர் நால்வரில் இருவர் கணவன் மனைவி. பாரிசின் லா ஷப்பல் பகுதியில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உணவகம் வைத்திருப்பவர்கள். நான் பெரும்பாலும் மதியம் அங்கேதான் சாப்பிடுகிறேன். கணவர் முன்பக்கம் நிற்பார். யாருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை, யாருடைய மருமகனுக்கு இன்னும் பப்பியே என்கிற வதிவிடப் பத்திரம் கிடைக்கவில்லை, யார் இன்று மரக்கறி மட்டும் சாப்பிடுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மனைவி சமையலறையில். உணவைத் தள்ளும் சிறிய சாளரத்தின் வழியாக அவருடைய கையும் குரலும் மட்டும் வெளியே வரும்.

லண்டனில் மனைவியின் தம்பி கடைக்கு ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார். அதை எடுத்து, ஓராண்டு தானே அங்கு போய் நின்று நடத்திவிட்டு வர வேண்டும் என்பது கணவரின் திட்டம். கூடவே கூடாது என்பது மனைவியின் முடிவு. அந்த உணவகத்தில் சாப்பிடுகிற எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. செயலாளர் அங்கே சாப்பிடுகிறவர் அல்ல.

“ஒரு வருசம்தானே, நிண்டு நடத்திப்போட்டு வாறன்,” என்பார் கணவர், என் மேசையைத் துடைத்துக்கொண்டு.

“நீங்கள் போனால் இஞ்சை முன்னுக்கு ஆர் நிக்கிறது?” என்று சாளரத்திலிருந்து குரல் வரும். “ஐயாவோ?”

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அணிகளைச் செயலாளர் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார். யாரும் குறை சொல்லக் கூடாதே. கணவருக்கு ‘விரிவடைய வேண்டாம்’ என்று வந்தது. மனைவிக்கு ‘வேண்டும்’ என்று வந்தது. அதாவது, லண்டன் போகத் துடித்தவர் ஒருவரும் எங்கும் போகக் கூடாது என்று வாதாட வேண்டும். ஒருவரும் அசையக் கூடாது என்றவர் போகத்தான் வேண்டும் என்று நிறுவ வேண்டும். கணவர் மாற்றித் தரக் கேட்டார்.

“மாத்த ஏலாது அண்ணை,” என்றார் செயலாளர். “மாத்தினால் பிறகு கதை வரும்.”

அடுத்த சில வாரங்கள் உணவகத்தின் தொலைக்காட்சியில் படப்பாட்டு ஓடவில்லை. பழைய ஆட்டங்களின் பதிவுகள் ஓடின. இருவரும் படித்தார்கள், ஒருவர் மேசைகளுக்கு நடுவே நின்று, மற்றவர் சாளரத்துக்குள் குனிந்து. தலைக்கவசம் போட்ட பெரிய மனிதர்கள் ஓடினார்கள், மோதினார்கள், விழுந்தார்கள், பிறகு வட்டமாகக் கூடி நின்றார்கள்.

“ஓடுறதிலும் பாக்க நிண்டு கதைக்கிறதுதான் கூட,” என்றார் கணவர். “எங்கடை சங்கக் கூட்டம் மாதிரிக் கிடக்கு.”

பட்டிமன்றம் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கியது. கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள்.

முதலில் மனைவியின் அணியிலிருந்து ஓர் இளம்பெண் பேசினாள். இங்கேயே பிறந்தவள், மருத்துவமனையில் தாதி. மண்டபத்தில் அந்த ஆட்டத்தை உண்மையில் ஆடியவள் அவள் ஒருத்திதான். புறநகர்க் கழகம் ஒன்றில் வார இறுதிகளில் ஆடுகிறாள். பிரெஞ்சில் தொடங்கி, தாய் முறைத்ததும் தமிழுக்கு வந்தாள்.

“அவை வந்து பெரிய மைதானத்திலை ஒரு நாள் விளையாடிப்போட்டுப் போவினம். எங்கடை மைதானத்திலை லைட் இல்லை. குளிர்காலத்திலை காரை ஏத்தி வைச்சு, கார் லைட்டிலைதான் பழகிறம்.”

“பிள்ளை, நீ எந்தப் பக்கம்?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“வேணும் எண்ட பக்கம் மாமா. வரட்டும். வந்து இருக்கட்டும். லைட் போடட்டும்.”

கணவரின் அணியில் அடுத்துப் பேசியவர் பேருந்து ஓட்டுநர். கடலைத் தாண்டி வந்து, நேரம் மாறி, உறக்கம் கெட்டு ஆடுவதைப் பற்றிப் பேசினார். “பஸ் ஓட்டுற எனக்கே இரண்டு வேலைக்கு இடையிலை ஓய்வு தரவேணும் எண்டு சட்டம் இருக்கு. அவையின்ரை சங்கம் என்ன புடுங்குது?” என்றார். அன்றைய பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

பிறகு கணவர் எழுந்தார். அவருக்குத் தோற்கப் பிடிக்காது. தான் நம்பாத பக்கம் என்றாலும் பிடிக்காது. மூன்று மணித்தியால ஆட்டத்தில் பந்து ஓடுவது கொஞ்ச நேரம், மிச்சமெல்லாம் நிற்பதும் கதைப்பதும், இதை எவன் கப்பலேற்றுவான் என்று சிரிக்க வைத்துத் தொடங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஒவ்வொரு குழுவுக்கும் சொந்த மைதானத்திலை வருசத்துக்குக் கொஞ்ச ஆட்டம்தான். அதிலை ஒண்டைப் புடுங்கிக் கொண்டுபோய்த்தான் லண்டனிலையும் பாரிசிலையும் வைக்கினம். அப்ப ஊரிலை இருக்கிற சனம்? மழையெண்டும் பாக்காமல், பனியெண்டும் பாக்காமல் வந்து இருந்ததுகள் அதுகள்தானே? தோத்த நேரமும் எழும்பிப் போகாமல் இருந்ததுகள். அதுகள் கேக்கிறது ஒரே ஒரு கேள்விதான். வாற ஞாயிறு நீங்கள் இஞ்சை நிப்பியளோ?”

மண்டபம் விழித்துக்கொண்டது. அவரும் சற்று நின்றார். தயாரித்து வந்ததைவிட நன்றாகப் பேசிவிட்டவரின் திகைப்பு அது. எதிர் மேசையில் மனைவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் இருப்பது வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்க்கும் பார்வை.

மனைவி எழுந்து, “எதிரணித் தலைவர் அவர்களே,” என்று ஆரம்பித்தார்.

“வீட்டிலையும் இப்பிடித்தான் கூப்பிடுறனியளோ அக்கா?” என்றது ஒரு குரல்.

“வீட்டிலை எதிரணி மட்டும்தான். தலைவர் இல்லை.”

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறந்த இடத்திலேயே இன்னும் இருப்பவர்கள் கையை உயர்த்தும்படி கேட்டார். சில சிறுபிள்ளைகளும் அந்தத் தாதிப் பெண்ணும் உயர்த்தினார்கள்.

“அப்ப மிச்ச ஆக்கள் எல்லாரும் வெளிநாட்டிலை விளையாட வந்த ஆக்கள்தான். நாங்கள் ஒரு நாள் வந்து கைகாட்டிப்போட்டுப் போக வந்தனாங்களோ? அது சுற்றுலா. அவையும் வாறதெண்டால் வரட்டும். ஆனால் எங்களைப் போல வரட்டும். விசாவுக்குப் பிரிபெக்தூரிலை வரிசையிலை நிக்கட்டும், குளிரைப் பழகட்டும், வீடு தேடட்டும். இஞ்சத்தைச் சனத்துக்கு எண்டு ஒரு குழு வேணும். அதுக்கு மிச்சம் மீதியை அனுப்பக் கூடாது. நல்லா விளையாடுற ஆளை அனுப்ப வேணும்.”

அந்தக் கடைசி வாக்கியம் தான் எழுதி வைத்திருந்ததில் இல்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் ஒரு கணம் நின்றதை நான் கவனித்தேன்.

பட்டிமன்ற நடுவருக்கு ஒரு மரபு உண்டு. இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி என்று சொல்லி, எல்லோரையும் அப்படியே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். செயலாளர் எதிர்பார்த்ததும் அதுவே. நான் பேச்சாளர்கள் சொன்னதைக் கேட்டதால் ஒரு பக்கம் சொன்னேன்.

“விளையாட்டு எங்க வேணும்னாலும் போகலாம்,” என்றேன். “ஆனா சொந்த மைதானத்து ஆட்டத்தைப் பிடுங்கிக்கிட்டுப் போகக் கூடாது. வெளிநாட்டுல வேணும்னா அங்கேயே புதுசா ஒரு அணியை உருவாக்கட்டும். அங்கேயே இருக்கட்டும். உள்ளூர் மைதானத்துக்கு விளக்கும் போட்டுக் கொடுக்கட்டும். வேண்டும் என்ற அணிக்கு வெற்றி.”

இன்றும் என் கருத்து அதுதான். ஆண்டுக்கு ஒரு நாள் வந்து போகும் ஆட்டம் ஓர் ஊருக்கு விருந்து, இன்னோர் ஊருக்குப் பறிகொடுப்பு. அந்த லீக் என்னைக் கேட்கவில்லை.

தேநீர் வேளையில் கணவர், தோற்றவருக்குப் பொருந்தாத முகத்துடன் வந்தார்.

“கேட்டீரோ?” என்றார் மனைவியிடம். “ஐயாவே சொல்லிப்போட்டார், போகலாமாம்.”

“ஓம்.” மனைவி எனக்குத் தேநீர் ஊற்றினார். “சொந்த மைதானத்து ஆட்டத்தைப் புடுங்கிக்கொண்டு போகேலாது எண்டும் சொன்னவர்.”

“அதுக்கென்ன?”

“கடைக்கு வாற சனம் ஆரைப் பாக்க வருது? என்னையோ? என்ரை கையைத்தான் அதுகள் கண்டிருக்குதுகள். உங்களோடை கதைக்கத்தான் வருதுகள். நீங்கள்தான் இஞ்சத்தை ஆட்டம். உங்களைக் கொண்டுபோனால் இஞ்சை ஒண்டும் இல்லை. நீங்கள்தானே மேடையிலை நிண்டு சொன்னனீங்கள்.”

“அப்ப லண்டனுக்கு ஆர் போறது?”

“நல்லா விளையாடுற ஆள்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “ஐயா, இது தீர்ப்பிலை இல்லையே?”

“தீர்ப்புல ஆள் பேர் எதுவும் இல்லீங்க,” என்றேன். உண்மை அதுதான்.

அவர் சில நாள் மறுத்தார். லண்டனே வேண்டாம் என்றும் ஒரு மதியம் சொல்லிப் பார்த்தார். சாளரத்திலிருந்து, புதிய சமையல்காரருக்கு அளவுகள் சொல்லிக் கொடுக்கும் சத்தம்தான் வந்தது. கோடை முடிந்ததும் மனைவி லண்டனுக்கு ரயிலேறினார். லண்டன் கடை பூட்டியிருக்கும் நாளில் வந்து போனார், சில வாரங்கள் அதுவும் இல்லை. ஓராண்டு என்பது கணவர் தனக்கென்று வைத்திருந்த கணக்கு. மனைவி எந்தக் கணக்கும் சொல்லவில்லை. லண்டன் கடை நன்றாக நடந்தது. அதுதான் கணவரின் கவலை.

பட்டிமன்றத்தால் மனம் மாறிய மனிதர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செயலாளரும் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு பட்டிமன்றத்துக்குப் பதில் தம்போலாக் குலுக்கல் வைக்கப்போவதாகச் சொன்னார்.

குளிர் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு பிற்பகல், சாப்பிடப் போயிருந்தேன். தொலைக்காட்சியில் லண்டனில் நடக்கும் ஆட்டம். இப்போது நேரடி ஒளிபரப்பு. கணவர் கையில் துணியுடன் அண்ணாந்து நின்றார். லா ஷப்பலில் அந்த ஆட்டத்தின் விதிகளை முழுதாகத் தெரிந்த உணவகக்காரர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

“அக்கா இல்லையோ?” என்று பக்கத்து மேசையில் ஒருவர் கேட்டார்.

“வெளி மைதானத்திலை ஆட்டம்,” என்றார் திரும்பாமலே. பிறகு என்னிடம், “கண்ணாடியைப் போட்டுப் பாருங்கோ ஐயா. சனம் நிறைஞ்சிருக்கோ?”

பார்த்தேன். “காலி நாற்காலி தெரியலை.”

ஏற்கனவே துடைத்த மேசையை இன்னொரு முறை துடைத்தார்.

திரையில் ஆட்டம் நின்றது. வீரர்கள் வட்டமாகக் கூடினார்கள். கைபேசி ஒலித்தது. லண்டனிலிருந்து மனைவி. அவர் அதை ஒலிபெருக்கியில் போட்டு, தோளுக்கும் காதுக்கும் இடையில் வைத்துக்கொண்டதால் முழு உணவகத்துக்கும் கேட்டது. மனைவியின் கடையிலும் அதே ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நுழைவுச்சீட்டுக் கிடைக்காத ஒரு கூட்டம் அணிச் சட்டைகளோடு கொத்துரொட்டி சாப்பிடுகிறதாம்.

“சம்பலிலை உப்புக் கூட எண்டு சனம் சொல்லுது,” என்றார் கணவர்.

“அப்ப அவன் நான் சொன்ன மாதிரிப் போடேல்லை. நீங்கள் ருசி பாக்கிறேல்லையோ?”

“நான் முன்னுக்கு நிக்கிற ஆளல்லோ.”

ஆட்டம் தொடர்ந்தது. இருவரும் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவன் ஓடினான், விழுந்தான். மறுபடி நின்றது. மறுபடி பேசினார்கள். வாடகை, குளிர், தம்பியின் இருமல். பந்து ஓடும் நேரம் குறைவு, நிற்கும் நேரம் அதிகம் என்று மேடையில் ஆட்டத்தைக் குறை சொன்னவர் இவர்தான்.

அடுத்த இடைவெளியில் கைபேசியைக் கையில் எடுத்து, ஒலிபெருக்கியை அணைக்க மறந்து, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

“வாற ஞாயிறு நீர் இஞ்சை நிப்பீரோ?”

“பொறுங்கோ,” என்றது குரல். “தொடங்கப் போறாங்கள்.”

தொடங்கினார்கள். அவர் கைபேசியைக் காதில் வைத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டம் மறுபடி நிற்க அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தைப் பற்றி அவ்வளவாவது நாங்கள் இருவரும் தெரிந்து வைத்திருந்தோம்.