மூன்று பாட்டில் வெள்ளை வினிகர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: வினிகர் ஊற்றிக் கல்யாணத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பிய மடையன் நான். அதுவும் மூன்று பாட்டில் போதும் என்று நினைத்தவன்.

மனைவி இதே ஊரில், ஆஸ்டின் டவுனில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மெசேஜ் வந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து கிரைண்டரை எடுத்துக்கொள்கிறாளாம். அவள் அம்மா வீட்டில் கொடுத்த டேபிள்டாப் கிரைண்டர். துணிமணி போனபோதுகூட நான் பயப்படவில்லை. கிரைண்டர் போனால் அங்கேயே மாவு ஆட்ட ஆரம்பித்துவிடுவாள். அப்புறம் எங்கே திரும்பி வருவது?

நான் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை. செய்ததெல்லாம் ஜோக். எங்கள் மல்லேஸ்வரம் ஃப்ளாட்டில் பாதி நாள் போர்வெல் தண்ணீர்தான். கெட்டில் அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்து, டீயில் செதில் செதிலாக மிதக்கும். "இதைக் கொஞ்சம் தேய்ச்சு வைங்களேன்" என்று அவள் இரண்டு வருடம் சொன்னாள். "கால்சியம்டி, எலும்புக்கு நல்லது" என்று நான் இரண்டு வருடம் சொன்னேன். முதல் தடவை சிரித்தாள்.

சனிக்கிழமை தெருமுனைக் கடையில் மூன்று பாட்டில் வெள்ளை வினிகர் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், வேலை போயிடுச்சா? கோபி மஞ்சூரி வண்டி போடறீங்களா?"

"இல்லண்ணா, வீட்டுக்காரம்மா வர்றாங்க."

"அப்ப இன்னொரு பாட்டில் எடுத்துக்குங்க."

கேட்டிருக்கலாம்.

ஞாயிறு காலை எழுந்ததும் ஆரம்பித்தேன். மைக்ரோவேவுக்குள் ஒரு கிண்ணம் வினிகரைக் கொதிக்கவிட்டுத் துடைத்தேன். மிக்ஸி ஜாடியின் அடி, ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர், கிரைண்டர் கல், ஒன்றையும் விடவில்லை. கெட்டிலில் பாதி தண்ணீர், பாதி வினிகர் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். இரண்டு வருடத்துக் கால்சியம் பத்தே நிமிடத்தில் கரைந்துபோனது. பத்தே நிமிடம்! சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எதற்கும் இன்னொரு ரவுண்டு இருக்கட்டும் என்று மறுபடி ஊற்றி வைத்தேன். காலிங் பெல் அடித்தது.

வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள். "என்ன, ஊறுகாய் போட்டீங்களா?"

மூன்று மாதத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் ஜோக். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"உட்காரு, ஒரு காபி குடிச்சிட்டுப் போ."

"ஆட்டோ நிக்குது."

"பத்தே நிமிஷம்."

உட்கார்ந்துவிட்டாள்!

அந்தப் பதற்றத்தில் கெட்டில் சுவிட்சைத் தட்டி, கொதித்ததை அப்படியே காபி ஃபில்டரில் ஊற்றினேன். வீடு முழுக்க வினிகர் வாடை. என் மூக்கு எப்போதோ ராஜினாமா செய்திருந்தது. டிகாஷன் இறங்கியதும் சூடான பாலில் கலந்தேன். டம்ளருக்குள் பால் திரிந்து, கட்டி தனியாக, பழுப்புத் தண்ணீர் தனியாக நின்றது.

அவள் டம்ளரைப் பார்த்தாள். பளபளவென்றிருந்த கெட்டிலைப் பார்த்தாள். அப்புறம் என்னை. சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும்.

கீழே ஆட்டோக்காரர் "மேடம், பேக பன்னி" என்று கன்னடத்தில் சீக்கிரம் வரச் சொல்லி ஹாரனை அமுக்கினார். அவள் கல்லும் பாத்திரமும் எடுத்துக்கொண்டாள். நான் மோட்டார் பாகத்தைச் சுமந்துகொண்டு பின்னாலேயே மூன்று மாடி இறங்கினேன். வாங்கிய நாளில்கூட அந்தக் கிரைண்டர் அப்படி மின்னியிருக்காது. நானே தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பிவைக்கிறேன்.

என்னிடம் ஒரே ஒரு தந்திரம் மிச்சமிருந்தது. கிரைண்டர் மூடியைக் காலையிலேயே பால்கனி வாளிக்குள் வினிகரில் அமுக்கி வைத்திருந்தேன். வேண்டுமென்றேதான்.

அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னேன்: "மூடி மட்டும் மேல ஊறிட்டிருக்கு. அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கோயேன். காபி நான் போடல, வெளியில குடிக்கலாம்."

"தட்டு வச்சு மூடிக்கிறேன்" என்றாள்.