எதிர்ப்பக்கம் மடித்த மூன்று இலைகள்

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு மூன்று நாலு வருஷம் முன்னால், இலங்கை மலைநாட்டில் ஹட்டன் கடைவீதியில் நடந்தது இது. எனக்கு அப்போது கல்யாண வயது. அப்பா தையல் கடை வைத்திருந்தார். வீடு என்று சொல்லிக்கொள்ளக் கடைக்குப் பின்னால் ஒரே அறை. அதிலும் பாதியைத் துணி மூட்டை பிடித்துக்கொள்ளும்.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பையனுக்குத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தேயிலையாக்குகிற தொழிற்சாலையில் வேலை. வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது? அப்பாவுக்கு ரோஷம் ஜாஸ்தி. யோசித்து யோசித்து, அப்போதுதான் புதிதாகத் திறந்திருந்த பெரிய சைவ ஹோட்டலுக்கே எல்லாரையும் வரச் சொல்லிவிட்டார். இந்தியாவிலிருந்து வந்த முதலாளி நடத்தியது. சலவைக்கல் மேஜை, ஆளுயரக் கண்ணாடி, வெள்ளி டம்ளர், ஊதுபத்தி வாசனை என்று அமர்க்களமாக இருக்கும். எங்களைப் போன்றவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற இடம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு உள்ளே தனி அறையும் உண்டு.

அம்மாவுக்கு இதில் ஒரு கவலை. சம்பந்தம் பிடித்திருந்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம். ஆனால் ஹோட்டலில் சாப்பிட்டால் அது சம்மதமா, வெறும் பசியா?

"அத எப்படிங்க கண்டுபுடிக்கிறது?" என்று அப்பாவைக் குடைந்துகொண்டே இருந்தாள்.

"எலைய மடிக்கிறதப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றார் அப்பா.

சாப்பிட்டபின் இலையைத் தன் பக்கமாக மடித்தால் உறவு வேண்டும் என்று அர்த்தம். எதிர்ப்பக்கமாக மடித்தால் வேண்டாம். சாவு வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள்.

பையனும் அவனுடைய அப்பா அம்மாவும் தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரியில் வந்து இறங்கினார்கள். பெரியவர் வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டுத் தலைப்பாகை கட்டியிருந்தார். எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். ஆண்களோடு சமமாக உட்கார்ந்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. பார்த்தால் என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளையும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிடித்துப் போயிற்று, அவ்வளவுதான்.

நெய்யும் பருப்பும், அவியல், அப்பளம், பாயசம் என்று வந்துகொண்டே இருந்தது. பையனின் அம்மா பாயசத்தை இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் அம்மா முகத்தில் வெளிச்சம் வந்தது. கடைசியில் தயிர்ச் சோறும் முடிந்தது. பெரியவர் இலையை மடித்தார், எதிர்ப்பக்கமாக. அடுத்து அவர் மனைவி மடித்தார், எதிர்ப்பக்கமாக. கண்ணாடியில் பார்த்தவரும் அப்படியே மடித்துவிட்டு எழுந்தார்.

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. மூன்று பேரும் கை கழுவப் போனதும், "கெளம்புங்க, போகலாம்" என்று மெல்லச் சொன்னார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. கேட்டு வாங்கிப் பாயசம் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்றால் என்ன நியாயம்? கை கழுவுகிற சாக்கில் நேரே போய் அந்த அம்மாவின் பக்கத்தில் நின்றேன்.

"எங்களப் புடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாமேங்க" என்றேன்.

அவர் திகைத்துப்போனார். "யாரு ஆயி அப்படிச் சொன்னா? எங்களுக்கு மனசு நெறஞ்சில்ல கெடக்கு."

"மூணு எலையும் அந்தப் பக்கமால்ல மடிச்சிருக்கு."

"எலைய மடிக்கிறதுல என்ன இருக்கு?"

சொன்னேன். ஈரக் கையோடு ஓடிப்போய்த் தன் வீட்டுக்காரரிடம் சொன்னார். பெரியவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

"கோவிச்சிக்காதீங்க. எங்க தோட்டத்துக் குளுருக்கு வாழை எங்கங்க வருது? கல்யாணம் காச்சின்னாலும் தட்டுலதான் சாப்புடுறோம். கருமாதிக்கு எலை இல்லாம முடியாதுன்னு அன்னைக்கு மட்டுந்தான் நாவலப்பிட்டியில இருந்து எறக்குவோம். அங்க மடிக்கிறதப் பாத்துத்தான் நாங்க பழகுனது. எலைன்னா அப்படித்தான் மடிக்கணும்னு நெனச்சிட்டோங்க."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரோஷக்காரர் இறங்கிவரக் கொஞ்சம் நேரமாகும். ஆனால் பெரியவர் காத்திருக்கவில்லை. பழையபடி மேஜையில் போய் உட்கார்ந்து, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்க மூணு பேருக்கும் மறுபடி எலை போடுங்க."

"இப்பத்தானேங்க சாப்புட்டீங்க?"

"அது கணக்குல இல்ல தம்பி. இனிமே சாப்புடறதுதான் கணக்கு."

மூன்று பேருக்கும் தொண்டை மட்டும் சாப்பாடு. இருந்தாலும் ஆளுக்கு ஒரு கை ரசச் சோறு பிசைந்து, முழி பிதுங்க விழுங்கினார்கள். பெரியவரும் அவர் மனைவியும் தங்கள் பக்கமாக இலையை மடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்கள். பையன் மட்டும் இலையில் கையை வைத்தபடி, இந்தத் தடவை கண்ணாடியைப் பார்க்காமல் நேரே என்னைப் பார்த்தார்.

"இந்தப் பக்கந்தானேங்க?" என்று கேட்டார்.

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "ஆமாங்க" என்றேன். அதுவரை உம்மென்று இருந்த அப்பா சிரிக்க ஆரம்பித்தார். பரிமாறுகிறவரும் வாளியோடு நின்று சிரித்தார். தை மாசம் கல்யாணம் முடிந்து நான் தோட்டத்துக்குக் குடிபோனேன்.

எங்கள் வீட்டில் இன்றுவரை யாருடைய முகத்தையும் கையையும் பார்த்து எதையும் முடிவு கட்டுவதில்லை, வாய்விட்டுக் கேட்டுவிடுவோம். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு அப்பாவோடு கிளம்பிப் போயிருந்தால், என்னை வேண்டாம் என்று சொல்லவே சொல்லாத மூன்று நல்ல மனிதர்கள்மேல் சாகும்வரை மனவருத்தம் வைத்திருந்திருப்பேனே என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பகீர் என்கிறது.