வேலிக்குள் கார் நின்ற நாள்: கோணாமலை அண்ணன் நினைவாக

செய்தி வந்தபோது நான் குறிஞ்சாக்கேணியில் என் தங்கை வீட்டில் மதியச் சாப்பாட்டில் இருந்தேன். தொலைபேசியில் கோணாமலை அண்ணனின் பெயர் விழுந்தது. விடுமுறை நாளில்கூட இந்த மனிதருக்கு நட்டும் போல்ற்றும்தான் நினைவு என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன். பேசியவர் அவருடைய மனைவி பூமணி அக்கா.

"தம்பி, காலமை தேத்தண்ணி குடிச்சிட்டு, நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது எண்டு கதிரையில இருந்தவர். பிறகு எழும்பேல்லை" என்றார்.

பிசைந்த சோறு கையிலேயே காய்ந்துபோயிருந்தது என்று தங்கை பிறகு சொன்னாள்.

திருகோணமலை உள்துறைமுகக் கரையில், படகு எஞ்சின் திருத்தும் வேலைத்தளம் ஒன்றில் நாங்கள் இருவரும் பதினான்கு வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். அவர் தலைமை மெக்கானிக். நான் களஞ்சியப் பொறுப்பாளன். துண்டு எழுதித் தராமல் ஓர் ஆணியைக்கூட வெளியே விடாதவன் என்று எனக்குக் கெட்ட பெயர் உண்டு. அண்ணன் ஒருநாளும் என்னோடு வாக்குவாதப்பட்டதில்லை. துண்டை எழுதி நீட்டிவிட்டு, "உங்கட களஞ்சியத்தில ஒரு வாசர் எடுக்கிறதுக்குள்ள சல்லிக் கிராமத்து மீன்காரர் வலை இழுத்து மீனையும் வித்துப்போடுவினம் தம்பி" என்று மட்டும் சொல்வார்.

ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். பிறகு நோய் இன்னதென்று சொல்வார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். "எஞ்சின் பொய் சொல்லாது. மனிசர்தான் சொல்லுவினம்" என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை. படகுக்காரர்கள் எஞ்சினைக் கெடுத்துவிட்டு வந்து ஒன்றும் அறியாதவர்கள் மாதிரி நிற்கும்போதெல்லாம் அதைச் சொல்வார்.

வேலைத்தளத்தின் பின்புறம் ஒரு பழைய பச்சைக் கார் கிடந்தது. ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் வெளிநாடு போகும்போது, இனி இது ஓடாது என்று விட்டுப்போனது. அண்ணன் நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அதனோடு மல்லுக்கட்டினார். கிடைக்காத பாகங்களுக்குப் படகுப் பாகங்களைச் சீவியும் ஒட்டியும் பொருத்தினார். மழைக்காலத்தில் இதைக் கொட்டியாரக் குடாவில் இறக்கினால் தானாக நீந்தும் என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார். ஏன் இவ்வளவு பாடுபடுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒருநாள் துண்டு இல்லாமல் என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு விளம்பரத் தாள். கொழும்பிலிருந்து வரும் கார்ப் பிரியர்கள் சிலரும் நகரத்து வர்த்தகர்கள் சிலரும் சேர்ந்து நடத்தும் கார் ஓட்டப்போட்டி. தொழில்முறை ஓட்டுநர்களுக்கானது அல்ல, ஆசைக்கு ஓடுகிறவர்களுக்கானது. வழியில் ஆங்காங்கே நேரம் பதிவார்கள். முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் புள்ளி குறையும். ஒரு காருக்கு இருவர், ஓட்டுபவரும் வழி சொல்பவரும்.

"நீங்கள் இங்கிலிசு வாசிப்பீங்கள். மணிக்கணக்கும் பிழையாமப் பாப்பீங்கள். என்னோட வாறீங்களோ?"

"இந்த வயசில உங்களுக்கு ஏன் அண்ணன் இந்த விளையாட்டு?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. தாளில் இருந்த வரைபடத்தில் சம்பூர்ப் பக்கமாக ஓரிடத்தில் விரலை வைத்தார். அங்கே அரசாங்கம் வேலியடைத்த ஒரு நிலப்பகுதிக்குள்ளால் பழைய கிரவல் பாதை ஒன்று போகிறது. போட்டிக்காக அந்த ஒரு நாள் மட்டும், பகல் பன்னிரண்டு மணிவரை, கேற்றைத் திறந்துவிட அனுமதி எடுத்திருந்தார்கள்.

"இதுக்குள்ளதான் தம்பி எங்கட வீடும் வளவும்" என்றார்.

பிறகுதான் சொன்னார். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஊர் போரில் இடம்பெயர்வதற்கு முதல் நாள், அவர்களுடைய நான்கு வயது மகள் தர்சிகா காய்ச்சலில் இறந்துபோனாள். பாதைகள் எல்லாம் அடைபட்டிருந்த நேரம். சின்னப் பிள்ளையை எரிப்பதில்லை என்பதால் வளவுக்குள்ளேயே, கிணற்றுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் புதைத்தார்கள். மறுநாள் புதைத்த இடத்தில் பால் ஊற்ற வேண்டும். மறுநாள் விடிவதற்குள் ஊரே ஓடத் தொடங்கிவிட்டது. பிறகு சம்பூரில் பலருக்குக் காணி திரும்பக் கிடைத்தது. இவர்களுடைய துண்டு மட்டும் வேலிக்குள் அகப்பட்டுக்கொண்டது. மனுக் கொடுத்தும் கெஞ்சியும் ஒன்றும் நடக்கவில்லை.

"உள்ள காரை நிப்பாட்டேலாது எண்டு சட்டம். பழுதானா மட்டும், இழுக்கிற வாகனம் வருமட்டும் நிக்கலாமாம். நான் பழுது எண்டு சொல்லி நிப்பாட்டுவன். பத்து நிமிசம் காணும், பாலை ஊத்திப்போட்டு வந்திடுவன்."

வாழ்நாளெல்லாம் பொய்க்கு முகம் சுளித்த மனிதர், என்றைக்காவது அந்தப் பக்கம் போக வழி திறக்கும் என்று நான்கு வருடம் திருத்திய காரை ஒரேயொரு பொய்க்காக எடுக்கப்போகிறார். வருகிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

போட்டியன்று காலை, ஈரச் சாக்குத்துணி சுற்றிய ஒரு போத்தல் பசுப்பாலைப் பூமணி அக்கா அவர்கள் குடியிருந்த இறக்கக்கண்டியிலிருந்து கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். "வெயில் படாமப் பாருங்கோ தம்பி" என்றார். நகரக் கடற்கரையிலிருந்து ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். எங்களுக்கு முன்னும் பின்னும் மினுங்குகிற கார்கள். எங்கள் கார் சீனக்குடாவரை நல்ல பிள்ளையாக ஓடியது.

கிண்ணியாப் பாலம் ஏறும்போது பொனற்றிலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேற்றர்க் குழாய் வெடித்துவிட்டது. அண்ணன் பாய்ந்து இறங்கினார். நான் தெரிந்த கடைக்கு ஓடிப்போய்ப் பழைய சைக்கிள் ரியூப் ஒன்றும் இரண்டு வாளி தண்ணீரும் கொண்டுவந்தேன். சுடச்சுட அதைச் சுற்றிக் கட்டினார். முப்பத்தைந்து நிமிடம் போய்விட்டது. நேரம் பதியும் இரண்டு இடங்களில் எங்கள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுந்தது. புள்ளியைப் பற்றி யாருக்குக் கவலை? பன்னிரண்டு மணிக் கேற்று ஒன்றுதான் எங்கள் கண்ணுக்குள் நின்றது.

மூதூரைக் கடந்து கொஞ்சத் தூரத்தில் அக்சிலேற்றர்க் கேபிள் அறுந்தது. மிதித்தால் ஒன்றுமில்லை. கார் உருண்டு ஓரத்தில் நின்றது. மணி பதினொன்றே கால். அண்ணன் ஸ்ரேறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "ஏலாது தம்பி. வீட்டில அவவுக்கு நான் என்னத்தைச் சொல்லுவன்?" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கோ ஆத்திரம். காரில், வேலியில், எங்களைக் கடந்து போனவர்களின் கையசைப்பில், எல்லாவற்றிலும் ஆத்திரம். "எழும்புங்க அண்ணன்! படகெண்டா இப்பிடி நடுக்கடல்ல விட்டுட்டுக் குந்துவீங்களா?" என்று கத்தினேன்.

அது வேலை செய்தது. பின்னால் கிடந்த பெட்டியிலிருந்து தங்கூசி நூல், அதாவது மீன்பிடிக்கும் நைலோன் நூல், ஒரு சுருள் எடுத்தார். காபரேற்றரில் கட்டி, பொனற் இடுக்கால் எடுத்து, இடப்பக்க யன்னலால் உள்ளே விட்டு என் கையில் தந்தார். "இனி நீங்கள்தான் என்ர கால்" என்றார். அவர் கிளச்சும் கியரும் பார்க்க, நான் நூலை இழுத்தேன். "கூட்டுங்கோ... குறையுங்கோ... கூட்டுங்கோ" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். நூல் என் விரலை அறுத்தது. அதை நான் சொல்லவில்லை.

கேற்றடிக்குப் பதினொன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேதான் பெரிய இடி காத்திருந்தது. போட்டி நடத்துநர்களில் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"உங்கட கார் ரெண்டு இடத்தில பழுதாகி நிண்டதாம். உள்ள போய் நிண்டா எங்களுக்குத்தான் கரைச்சல். நீங்கள் திரும்புங்கோ."

உள்ளே போய்ப் பழுது என்று பொய் சொல்ல வந்தவர்களை, மெய்யான பழுது வாசலிலேயே மறித்துவிட்டது.

"இப்ப ஒரு பழுதும் இல்லை" என்றார் அண்ணன்.

"அப்ப எஞ்சினைக் கூட்டிக் காட்டுங்கோ பாப்பம்."

தங்கூசி நூல் கண்ணுக்குத் தெரியாது என்பது எங்கள் அதிர்ஷ்டம். வழிப்புத்தகத்தை மடியில் விரித்து, அதற்குக் கீழே கையை ஒளித்தேன். அண்ணன் செத்துப்போன பெடலை மிதித்தார், நான் இழுத்தேன். எஞ்சின் உறுமியது. அவர் காலை எடுத்த பிறகும் நான் பதற்றத்தில் இழுத்துக்கொண்டே இருந்தேன். அந்த மனிதர் ஒருமுறை அண்ணனின் காலையும் ஒருமுறை என்னையும் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "போங்கோ, கெதியா" என்றார்.

உள்ளே இரண்டு பக்கமும் பற்றைக்காடு. அண்ணன் எட்டி எட்டிப் பார்த்தபடி ஓட்டினார். ஒரு சிறிய மதகு வந்ததும், "விடுங்கோ தம்பி" என்றார். விட்டேன். கார் நின்றது.

போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வேப்பமரம் இல்லை. கிணறு இல்லை. நிலத்தை எப்போதோ இயந்திரம் விட்டு மட்டமாக்கியிருந்தார்கள். அதன்மேல் எருக்கலையும் முட்பற்றையும் வளர்ந்திருந்தன. அண்ணன் மதகிலிருந்து அடி வைத்து எண்ணினார். பாதையை அகலமாக்கியிருந்ததால் கணக்குப் பிழைத்தது. திரும்பி வந்து மறுபடியும் எண்ணினார். மூன்றாம் தடவை நடுவில் நின்று என்னைப் பார்த்தார்.

"தம்பி, கிணறு எந்தப் பக்கம் இருந்திருக்கும்?"

அந்த மண்ணை வாழ்க்கையில் முதல்முறை மிதித்தவனிடம் கேட்கிறார். கையில் வழிப்புத்தகத்தோடு நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விட்டுப்போகவில்லை.

இழுக்கும் வாகனத்தின் சத்தம் கேட்டது. அண்ணன் போத்தல் மூடியைத் திறந்து, உள்ளங்கையில் பாலைச் சரித்துச் சரித்து, நடந்த இடமெல்லாம் தெளிக்கத் தொடங்கினார். பற்றைக்குள் புகுந்து, முள் கிழிக்கக் கிழிக்க, வரிசை வரிசையாக நடந்தார். "எங்கையாவது ஒரு துளி படட்டும், எங்கையாவது ஒரு துளி" என்று சொல்லிக்கொண்டே போனார்.

வாகனத்திலிருந்து சீருடை அணிந்த ஓர் இளைஞர் இறங்கி எங்களை நோக்கி வந்தார். "என்ன தேடுறது?" என்று கொச்சைத் தமிழில் அதட்டினார்.

"என்ர பிள்ளையை" என்றார் அண்ணன், நிமிராமலே.

இளைஞர் போத்தலைப் பார்த்தார், தெளித்த பாலைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்துகளைக் குனிந்து பார்த்துவிட்டு, அடி மேல் அடி வைத்துப் பின்னுக்குப் போய்ப் பாதையில் நின்றுகொண்டார். பால் முடியும்வரை அந்தப் பக்கம் வரவில்லை.

போட்டியிலிருந்து எங்களை நீக்கினார்கள். வந்த கேற்றே கிட்டவென்பதால் காரின் பின்பக்கத்தில் கயிறு கட்டிப் பின்னோக்கி இழுத்துப் போனார்கள். அண்ணன் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி, வளைவு மறைக்கும்வரை வளவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் விரலில் இரத்தத்தைக் கண்டு, சட்டைப்பையிலிருந்த லேஞ்சித் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டார். வீட்டில் பூமணி அக்காவிடம், "முழு வளவுக்கும் தெளிச்சிட்டன்" என்று மட்டும் சொன்னார். அக்கா தலையசைத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனார்.

அந்தப் போட்டியை அவர்கள் மறுபடி நடத்தவில்லை. அண்ணன் ஒவ்வொரு வருடமும் விசாரித்தார். கேபிள் மாற்றி, புதுக் குழாய் பூட்டி, காரைத் தயாராகவே வைத்திருந்தார்.

அண்ணன் போன எட்டாம் நாள் சடங்குக்கு இறக்கக்கண்டிக்குப் போயிருந்தேன். சனம் கலைந்த பிறகு, மனத்தில் கிடந்த பாரத்தை அக்காவிடம் இறக்கினேன். அன்று அண்ணன் இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை, மரமும் கிணறும் இல்லை என்று சொன்னேன்.

"தெரியும் தம்பி. முகத்திலயே தெரிஞ்சது" என்றார். "மரம் போனா என்ன, கிணறு போனா என்ன? அது நான் தினம் கூட்டிப் பெருக்கின வளவு. கிணத்தடியில களிமண், வேப்பமரத்தடி வாசல்ல கடல் மணல், நடுவில ரெண்டும் கலந்து கிடக்கும். அங்கதான் பிள்ளை. செருப்பைக் கழட்டிப்போட்டு நடந்தா என்ர காலுக்குத் தெரியும்."

"இதை ஏன் அக்கா அண்டைக்கே சொல்லல்ல?"

"ஆர் என்னைக் கேட்டது? காருக்கு ரெண்டு பேர்தான், இங்கிலிசு தெரிஞ்ச ஆள் வேணும் எண்டினம்."

நான் தலை குனிந்தேன். வழிப்புத்தகம் வாசிப்பவனை ஏற்றிக்கொண்டு, இடம் தெரிந்தவரைக் கடற்கரையில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறோம். எனக்கும் தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை.

பிறகு அக்கா கேட்டார். "அந்த ஓட்டம் திரும்ப வைப்பினமோ தம்பி?"

"வைப்பாங்க அக்கா" என்றேன். அது பொய்யா மெய்யா என்று எனக்குத் தெரியாது.

"அப்ப நீங்கள் கார் ஓடப் பழகுங்கோ."

கோணாமலை அண்ணன், எனக்குக் கார் ஓடத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று வேலைத்தளத்தின் பின்புறம் உங்கள் காரில் ஏறி உட்கார்ந்தேன். முதல் கியரில் விட்டு மதிலில் இடித்துவிட்டேன், மன்னியுங்கள். இன்றும் ஏறுவேன், நாளைக்கும் ஏறுவேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள். அந்தக் கேற்று என்றைக்குத் திறந்தாலும், எனக்குப் பக்கத்து இருக்கையில் அக்கா இருப்பார், காலில் செருப்பில்லாமல்.