பெயர் சொல்லாமல் கேட்ட ஜெபம்

போன வருஷம் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்த வாரம். என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு வந்த பஸ்ஸுக்கு முன்னால், கரிவலம்வந்தநல்லூர் பக்கத்தில் ஒரு பைக் குறுக்கே பாய்ந்துவிட்டது. பைக்கில் வந்தவருக்குக் கால் முறிந்தது. கர்த்தருடைய கிருபை, பிழைத்துக்கொண்டார், இப்போது நன்றாகவே நடமாடுகிறார். போலீஸும் விசாரித்து, என் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டது. பெரிய கண்டம் தாண்டியது என்று நானும் ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் இவருக்கு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. ஹாரன் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். எங்கள் வீடோ மெயின் ரோட்டு மேல்! லீவு போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவர், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையும் நிறுத்திவிட்டார். நான் சும்மா இருக்கிற ஆளா? கெஞ்சினேன், திட்டினேன். “எந்த டிரைவருக்கும் நடக்காததா உங்களுக்கு நடந்துட்டு? எந்திரிங்க!” என்று கத்தினேன். சுவரில் முட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரு நாள் மத்தியானம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “நான் போயிட்டேன்னா நீயும் பிள்ளையும் நிம்மதியா இருப்பிய” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. தண்ணீர் கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். அன்றிலிருந்து அவரைத் தனியே விட்டுவிட்டு எங்கேயும் போக எனக்குத் தைரியம் இல்லை. கடைக்குப் போனால்கூட ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து, முதலில் அவருக்கு மூச்சு ஓடுகிறதா என்று பார்ப்பேன்.

யாரிடம் சொல்ல? மனசு சரியில்லை என்று வெளியே சொன்னால் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் வேறு. சமையல்கட்டில் முழங்காலில் நின்று, “ஆண்டவரே, எனக்கு வழி தெரியவில்லை. ஒரு ஆளையாவது அனுப்பும்” என்று அழுவேன். அழுகைச் சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன்.

நம் சபையில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாத காரியம் என்றால் போதகர் வீட்டு ஐயரம்மாவிடம் சொல்லி, பெயர் இல்லாமல் ஜெபிக்கக் கேட்போம். நானும் கேட்டேன். “உங்க வீட்லயாம்மா?” என்று ஐயரம்மா கேட்டதற்கு, “இல்லம்மா, எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், நம்ம சபைதான்” என்று வாய் கூசாமல் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயர், “நம் சபையில் ஒரு குடும்பத் தலைவர் மனம் உடைந்து, வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிறார். பெயர் கர்த்தருக்குத் தெரியும்” என்று சொல்லி ஜெபித்தார்.

கர்த்தருக்குத் தெரிந்தால் போதுமா? நம் பெண்கள் ஐக்கியத்துக்குத் தெரிய வேண்டாமா! ஆராதனை முடிந்து வாசல் தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். தேவராஜ் அண்ணாச்சியாம். அவர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கமிட்டிக்காரர்கள் கழற்றி வேறு பக்கம் மாட்டிவிட்டார்கள் என்று கோவித்துக்கொண்டு, அண்ணாச்சி அப்போது கோயிலுக்கு வருவதில்லை. என் வீட்டுக்காரர் வராததை யாரும் கவனிக்கவே இல்லை. டிரைவருக்கு ஞாயிறும் டியூட்டிதானே என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த சில நாட்களில் அண்ணாச்சி வீட்டுக்கு ஆள் மாற்றி ஆள் போயிருக்கிறார்கள். ஆரஞ்சுப்பழம், பன், சத்துமாவு. ஜெபம், கண்ணீர். அவருடைய மனைவி எஸ்தர் அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில் யாரோ விஷயத்தை உடைக்க, கொதித்துப்போய், கையில் இரண்டு பை பழத்தோடு நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

“ஏட்டி, நீதான் ஐயரம்மாட்ட பேசிட்டு இருந்தியாம்லா? எங்க வீட்டு மனுசனுக்கு என்னட்டி கேடு? ஃபேனுக்குச் சண்டை போட்டுட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. வாரவ எல்லாம் அவர் தலையில கைய வச்சு அழுதாவ! அவரு பயந்துபோயி, எனக்கு என்ன நோவுன்னு எங்கிட்டயே கேக்காரு!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே உடைந்து அழுதுவிட்டேன். “அக்கா, அது உங்க வீடு இல்லக்கா. எங்க வீடு” என்றேன்.

எஸ்தர் அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரைப் பார்த்ததும் பழப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தமே இல்லாமல், “என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்துச்சு மக்கா. நானும் ஒருத்தர்ட்டயும் சொல்லல. பாளையங்கோட்டைல ஒரு டாக்டரம்மாட்ட கூட்டிட்டுப் போனோம். இன்னைக்கு அவன் பனவடலிசத்திரத்துல கடை வச்சிருக்கான். இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு நோவுதான். மருந்து இருக்கு” என்றார்கள்.

மருந்து இருக்கு! அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் என் நெஞ்சில் மூச்சே இறங்கியது. நான் கேட்ட ஆள் வந்துவிட்டார். தேவதூதனை எதிர்பார்த்தேன், வந்தது எஸ்தர் அக்கா. அதுவும் சண்டைக்கு. ஆண்டவர் எப்படியெல்லாம் வேலை செய்கிறார் பாருங்கள்.

மறுநாள் தேவராஜ் அண்ணாச்சி வந்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஃபேன் கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்தார். தினமும் வந்தார். கமிட்டியில் ஒரு ஆளையும் விட்டு வைக்கவில்லை. ஒரு நாள் இவர் சுவரிலிருந்து திரும்பி, “விடுங்க அண்ணாச்சி, ஒரு ஃபேனுக்குப் போயி” என்றார். நான் அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அண்ணாச்சி விடவில்லை. “சரி, நான் விட்டுருதேன். நீ எங்கூடப் பாளையங்கோட்டைக்கு வா” என்றார்.

போனோம். பஸ்ஸில் கடைசி சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வழி முழுக்க என் கையை விடாமல் வந்தார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்கள். அவரே வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னார், என்னிடம் சொல்லாததையும் சொன்னார். மாத்திரை தந்தார்கள், திரும்பத் திரும்ப வரச் சொன்னார்கள். உடனே சரியாகிவிடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். நன்றாக இருப்பார், மறுபடி படுத்துக்கொள்வார். ஆனால் பொங்கல் கழிந்து சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கோடை தொடங்கும்போது, டாக்டரம்மா சரி சொன்ன பிறகு, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். இன்றைக்குக் காலையில் குழம்பில் உப்பு இல்லை என்று என்னோடு சண்டை போட்டார். ஸ்தோத்திரம்! அந்தச் சண்டைக்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்!

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சுருண்டு படுத்திருந்தால் ஜெபியுங்கள். நிச்சயம் கேட்பார். ஆனால் என்னை மாதிரி குழாயைத் திறந்துவிட்டு அழாதீர்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், நம்புகிற ஒருவரிடமாவது வாய் விட்டுச் சொல்லுங்கள். ஆண்டவர் நமக்கென்று வைத்திருக்கிற உதவி, பெயர் தெரியாமல் எந்த வீட்டுக் கதவைத் தட்டும்?

இந்தச் சாட்சியைச் சொல்ல எழுந்திருக்கும் முன்னால் இவரிடம், “உங்க பேரச் சொல்லட்டுமா?” என்று கேட்டேன். “சொல்லு. நம்மள மாதிரி யாரும் இருந்தா, நம்மளத் தேடி வரணும்லா” என்றார்.

என் வீட்டுக்காரர் பெயர் செல்வின். அதோ, ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். வந்து பேசுங்கள்.